களவெட்டியில் நின்ற பேய்

நான் நடித்த பேய் நல்ல பேய். இதை நானே சொல்லித்தான் ஊருக்குத் தெரியவேண்டும் என்ற நிலைமை பத்து வருடத்துக்கு மேலாக இருக்கிறது. எனக்கு எரிச்சலே அதில்தான்.

என் பெயர் றொசானி. நாவற்குடாவில் மணப்பெண் அலங்காரக் கடை வைத்திருக்கிறேன். கல்லடியிலிருந்து களுவாஞ்சிகுடி வரைக்கும், கோயில் கலியாணமோ சேர்ச் கலியாணமோ, என் கை படாமல் மாலை மாற்றின பெண்கள் குறைவு. அந்தக் கையாலேயே என் முகத்தில் அரிசிமாவும் அடுப்புக்கரியும் அப்பி, என்னை நானே பேயாக்கிக்கொண்டுதான் சதீசனின் படத்தில் நடித்தேன். ஒரு முகத்தை எந்த இடத்தில் தொட்டால் அழகு வரும் என்று தெரிந்தவளுக்கு, எந்த இடத்தில் கெடுத்தால் பயம் வரும் என்பதும் தெரியும்.

படத்தின் பெயர் 'செந்நெல் வாசல்'. அது முதலில் ஞானமலர் ரீச்சர் எழுதிய நாவல். ரீச்சர் புளியந்தீவில் பிறந்து, புளியந்தீவிலேயே படிப்பித்து, அங்கேயே ஓய்வுபெற்றவர். பயங்கரக் கதை எழுதுவதில் இந்தப் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு போடியார், பெரிய வயல்காணிக்காரர், தன் மருமகளைக் கொன்று களவெட்டியில், அதாவது சூடடிக்கிற நெற்களத்தில், புதைத்துவிடுகிறார். அறுவடைக்கு அறுவடை அவள் எழும்பி வருகிறாள். கடைசி அத்தியாயத்தில், நெல்லெல்லாம் அடித்துக் குவித்திருக்கிற நேரம் பேய் வந்து நிற்க, வேலையாட்கள் அலறியடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். விளக்குகள் சரிந்து வைக்கோல் பற்றுகிறது. அந்த அலறலை மட்டும் ரீச்சர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார். வாசித்த பிள்ளைகள் வெளிக்குப் போகப் பயந்துகொண்டு கிடந்த காலம் ஒன்று இருந்தது.

படத்தில் அந்த அலறல் கிடையாது. சதீசன் வெல்லாவெளியில் உண்மையான ஒரு களவெட்டியைப் பிடித்து, அந்த வயல்வட்டையில் வேலை செய்கிற ஆட்களையே நிறுத்தி, அலறிக்கொண்டு ஓடச் சொல்லியிருந்தான். பொழுது சாய்கிற நேரம். குவித்த நெல்லுக்குப் பின்னால் இருந்து நான் எழும்பி வந்தேன். ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன், அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சதீசன் கமெராவை நிறுத்த மறந்துபோனான். வெளிச்சம் போய்விட்டது, மறுபடி எடுக்க வழியில்லை, எடுத்ததையே வைத்தான். ஓடச் சொல்லிக் கூட்டிவந்த ஆட்கள் ஓட மறந்து நின்றது என் நடிப்பால்தான் என்று எனக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எந்த மேடையில் எந்த நடிகை என்ன விருது வாங்கினாலும் நான் அசையவில்லை.

ஆனால் டவுனில் முதல் தடவை படம் காட்டினபோது, அந்தக் கட்டத்தில் மண்டபம் சிரித்தது. "பேய் வந்திரிக்கு, ஒருத்தராவது கதிரை எடுத்துப் போடுங்கடா" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். ரீச்சர் பாதியிலேயே எழும்பிப் போனார். அடுத்த கிழமை பத்திரிகையில், தன் பேயை வரவேற்கக் கூட்டம் சேர்த்த படம் என்று எழுதினார். எழுதினதோடு விடவில்லை. தன் சம்மதம் இல்லாமல் படத்தை எங்கும் காட்டக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டார். படம் பெட்டிக்குள் போனது. நான் முகம் கழுவிக்கொண்டு மணப்பெண்களிடம் திரும்பினேன்.

இந்த வருடம் திடீரென்று கதை மாறியது. கொழும்பில் நடக்கிற ஒரு திரைப்பட விழாவில், கவனிக்காமல் விட்ட பழைய படங்களைத் தேடிக் காட்டுகிறார்களாம். எங்கள் படத்தையும் கேட்டிருந்தார்கள். சதீசன் ரீச்சரிடம் போய்க் கெஞ்சினான். ரீச்சர் வீட்டில் மறுபடி பார்த்துவிட்டு, "மற்றதெல்லாம் நல்லாத்தான் செய்திருக்கிறாய், முந்தி நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டன். ஆனா அந்தக் களவெட்டிக் கட்டம் ஒண்ணாது. அதை வெட்டு, சம்மதம் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். புளியந்தீவுத் திரைப்பட வட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஒரு காட்சி, ரீச்சரும் வருவார், பார்த்த பிறகு அவர் சொல்வதுதான் முடிவு என்று பேச்சாகியிருந்தது.

இதை என்னிடம் சொல்ல சதீசன் கடைக்கு வந்தான். ஒரு மணப்பெண்ணுக்குக் கொண்டை போட்டுக்கொண்டு நின்றேன்.

"கொஞ்ச நேரக் காட்சிதானே றொசானி. வெட்டினா மிச்சப் படம் தப்பும்."

"மிச்சப் படத்தில நான் எங்க இரிக்கன்? ஒரு இடத்தில கிணத்தடியில முதுகு காட்டுறன், இன்னொரு இடத்தில ஜன்னலுக்கு வெளியால கை மட்டும். என்ட முகம் இரிக்கிறது அதில மட்டும்தான். அதையும் வெட்டினா, நான் படத்தில நடிச்சனான் எண்டு ஆருக்குச் செல்லுற?"

"ரீச்சர் விடுறாவில்லயே."

"நீ எப்ப ஆரிட்டயாவது எதிர்த்துக் கதைச்சிரிக்காய்? போ. ரீச்சர நான் பார்த்துக்கிறன்."

மணப்பெண் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்துப் பயந்துபோய் இருந்தாள். கொண்டையூசியைக் கொஞ்சம் அழுத்திக் குத்திவிட்டேன் போல.

ரீச்சர் படித்தவர். வாயால் அவரை வெல்ல முடியாது. சாட்சி வேண்டும். அன்றைக்கு என் முன்னால் விறைத்து நின்றவர்களில் ஒருவரைக் கொண்டுவந்து, "பயத்தில எங்களுக்கு நாக்கு எழும்பல்ல" என்று சபையில் சொல்லவைத்தால் போதும், ரீச்சர் வாயடைத்துப்போவார் என்று கணக்குப் போட்டேன். அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். களுவாஞ்சிகுடியில் மாறி, பட்டிருப்புப் பாலம் கடந்து வெல்லாவெளிக்குப் போய் இறங்கியபோது உச்சி வெயில். வெட்டுமிசின் ஒன்று றோட்டோரம் நின்றது.

அன்னப்பூரணியக்காவின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அந்த வட்டையில் பாதிக்கு மேல் அவருடையது. தகப்பன் போடியாராக இருந்த காணியைப் புருஷனிடமும் கொடுக்காமல் தானே செய்கிறவர். சதீசனுக்குக் களவெட்டியைக் கொடுத்ததும் அவர்தான். மிசின் விடாமல் ஒரு துண்டைக் கையால் வெட்டி, பழைய முறைப்படி அடித்துக் குவித்துத் தந்தார். படத்தில் முன்வரிசையில் நிற்பதும் அவர்தான். படத்தை மட்டும் அவர் பார்த்ததில்லை. டவுனில் காட்டினபோது இவர்களைக் கூப்பிடவேண்டும் என்று சதீசனுக்குத் தோன்றவில்லை.

இளநீர் வெட்டித் தந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"பயமா? உனக்கா? என்னகா கதைக்காய்!"

"பின்ன ஏன்க்கா ஒருத்தரும் கத்தல்ல?"

"நான்தான் வாய் திறக்கப்படாதெண்டு செல்லி வெச்சிருந்தன். பொலி குவிச்சிருந்த களவெட்டி அது. நெல்லு குவிஞ்சு கிடக்கக்குள்ள அதுக்குப் பக்கத்தில நிண்டு கண்டபடி கத்தப்படாது, பேர் செல்லிக் கூப்பிடப்படாது, ஓடப்படாது. கேட்டா பூதம் வந்து பொலிய அள்ளித்துப் போயிரும். அந்தச் சதீசன் கத்து ஓடு எண்டு செல்லுறான். அவனுக்குப் படம். எனக்கு ஒரு போகத்து நெல்லு. ஓம் ஓம் எண்டு தலைய ஆட்டித்து, ஆக்களிட்ட தனியாச் சென்னன், பேய் வந்தாலும் பிசாசு வந்தாலும் என்ட நெல்லு தூக்குற வரைக்கும் ஒருத்தரும் மூச்சு விடப்படா எண்டு."

"என்னட்ட ஏன் செல்லல்ல?"

"நீதானே பேய். பேயிட்டயா செல்லுற?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்தும் வெளியில் எதுவும் என் கண்ணில் படவில்லை. இத்தனை வருடமாக எந்த நினைப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனோ, அது ஒரு இளநீர் குடித்து முடிவதற்குள் போய்விட்டது. அவர்கள் என்னைப் பார்த்து விறைக்கவில்லை. நெல்லைக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் இடையில் நடந்து போன ஒரு ஆள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் கூட இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில் இருந்துகொண்டு என் முகத்தை வெட்டக் கொடுக்கிற ஆள் நான் இல்லை. இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ரீச்சர் என்னைக் கண்டு தலையசைத்தார். படம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு அன்னப்பூரணியக்கா வந்து இறங்கினார். நான் கூப்பிட்டுவிட்டு வந்ததை நானே மறந்திருந்தேன். "என்ட மூஞ்சி எப்பிடி இரிக்கெண்டு பாப்பமே எண்டு வந்த" என்று சொல்லிவிட்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

படம் ஓடியது. இப்போதைய பிள்ளைகள் அதிகம் வந்திருந்தார்கள். கிணற்றடிக் காட்சிக்கு யாரோ ஒரு பெண்பிள்ளை மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. களவெட்டிக் கட்டம் வந்தது. அன்றைக்கு ஜெனரேட்டர் இரைந்ததால் அங்கே பதிந்த ஒலி எதுவும் உதவவில்லை என்று சதீசன் காற்றுச் சத்தத்தை மட்டும் போட்டிருந்தான். சிரிப்பு வரும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. மண்டபம் முழுக்கச் சத்தமில்லாமல் கிடந்தது. சிரிக்காதது நல்லதா கெட்டதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

விளக்குப் போட்டதும் ரீச்சர் எழும்பினார். கதையை எழுதினவர் என்ற உரிமையோடு, நிதானமாகப் பேசினார். சதீசனுக்குத் திறமை இருக்கிறது, தான் முன்பு எழுதினதில் பாதி அநியாயம் என்று சொன்னார். கை தட்டினார்கள்.

"ஆனா களவெட்டிக் கட்டம் பற்றி என்ட அபிப்பிராயம் மாறல்ல. பேயக் கண்ட மனுஷர் இப்பிடி நிக்கமாட்டாங்க. அவங்களுக்குப் பயமே இல்ல. பயமில்லாத இடத்தில என்ன பயங்கரப் படம்? அத வெட்டித்துத்தான் கொழும்புக்குப் போகோணும்."

சதீசன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நான் எழும்பினேன். ஒரு பொய் சொன்னால் போதும், பயத்தில்தான் நின்றார்கள் என்று. சொல்ல எனக்கு வாய் வரும். ஆனால் பக்கத்துக் கதிரையில் அன்னப்பூரணியக்கா இருக்கிறார். அதைவிட, உண்மையே பொய்யைவிடப் பெரிதாக இருப்பது எனக்கு அந்த நேரம்தான் பிடிபட்டது.

"ரீச்சர், அவங்க என்ட நடிப்பப் பார்த்துப் பயப்படல்ல. அத நான் இந்தக் கிழமைதான் கேட்டறிஞ்சன். பொலி குவிஞ்ச களவெட்டியில வாய் திறந்தா நெல்லு போயிரும் எண்டு நிண்டிரிக்காங்க. முன்னால பேய் நிக்கிது, ஓடினா நெல்லு இல்ல, கத்தினா நெல்லு இல்ல. நீங்க எழுதின ஆக்களுக்கு ஓட இடமிரிக்கு. இவங்களுக்கு இல்ல. எது பயங்கரம் எண்டு நீங்களே செல்லுங்க."

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சதீசனிடம், "அந்தக் கட்டத்த இன்னொருக்காப் போடு" என்றார்.

மறுபடி போட்டான். பேய் எழும்பி வருகிறது. முகம் முகமாகப் பார்க்கிறது. அன்னப்பூரணியக்காவின் முன்னால் வந்து நிற்கிறது. பேயின் கண் மெல்லக் கீழே இறங்கி, அவருடைய வயிற்றில் போய் நிற்கிறது.

அந்தப் பார்வை எதற்கு என்று எனக்குத் தெரியும். அக்காவின் சேலைக் கொசுவம் அன்றைக்குக் குலைந்து, இடுப்பில் ஏனோதானோவென்று செருகியிருந்தது. பேயாக நின்றாலும் கண் தொழில்காரியின் கண்தானே. இதைச் சரிபண்ணாமல் விட்டுவிட்டேனே என்று எரிச்சலோடு பார்த்தேன். அவ்வளவுதான்.

"நிப்பாட்டு" என்றார் ரீச்சர். எழும்பித் திரைக்குக் கிட்டப் போனார். பிறகு எங்கள் பக்கம் கிறுகினார். "முன்னுக்கு நிக்கிறது நீங்கதானே? வாய் திறக்கப்படாதெண்டு ஆக்களுக்குச் சொன்னது ஆரு?"

"நான்தான்" என்றார் அன்னப்பூரணியக்கா.

"அப்ப உங்கட வாய் ஏன் அசையுது?"

நான் திரையைப் பார்த்தேன். உண்மைதான். சின்ன அசைவு. அத்தனை பேர் சிலையாக நிற்க, அவருடைய உதடு மட்டும் எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு ஜெனரேட்டர் இரைச்சலில் முன்னால் நின்ற எனக்கே கேட்கவில்லை. இத்தனை வருடமாக அந்தக் காட்சியில் என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கண்ணில் படவுமில்லை.

அக்கா எழும்பினார். வயலில் நின்று ஆட்களை அதட்டுகிற மனுஷி, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்ப எனக்கு வயித்தில புள்ள. முந்தி ரெண்டு தங்காமப் போனது. இதும் போயிரும் எண்டு பயத்தில புருஷனுக்கும் செல்லல்ல. ஆருக்கும் தெரியாது. இவ நடிக்கா எண்டு தெரிஞ்சுதான் நிண்டன். மா பூசக்குள்ளயும் பக்கத்தில இருந்து பார்த்தனான். மறுகா இவ வந்து நிண்டு, ஒருத்தருக்கும் தெரியாத இடத்தக் குனிஞ்சு பார்த்தா. எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு. இது றொசானி இல்ல எண்டு நினைச்சித்தன்."

"என்ன சொன்னீங்க?" ரீச்சரின் குரல் இறங்கியிருந்தது.

"நெல்லெல்லாத்தையும் அள்ளித்துப் போ, புள்ளைய விட்டிரு எண்டு சென்னன்."

அக்கா கதிரை முதுகை விட்டுக் கையை எடுத்தார்.

"மற்றாக்கள மூச்சு விடாம நிக்கவெச்சித்து நானே வாய் திறந்தன். குடுத்தது குடுத்ததுதானே. அந்தப் பொலியில ஒரு மணி என்ட வீட்டுக்குப் போகல்ல. அளந்தும் பார்க்கல்ல. அப்பிடியே கண்ணகை அம்மன் கோயிலுக்கு ஏத்திவிட்டன். ஏன் எண்டு புருஷன் கேட்டதுக்கு நேத்தி எண்டு செல்லித்தன்."

"புள்ள?" என்றார் ரீச்சர்.

"இரிக்காள். தக்ஷாயினி. இப்ப என்ட தோளுக்கு வந்திட்டாள்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை, முந்தானையால் துடைத்துக்கொண்டேன். ரீச்சர் திரையில் நின்றுபோயிருந்த அந்த முகங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு சதீசனிடம் போனார்.

"என்ட நாவல்ல எல்லாரும் ஓடிப்போறாங்க. பேய்க்கிட்ட ஒருத்தரும் ஒண்டும் பேசல்ல. பேசலாம் எண்டு எனக்குத் தோணவேயில்ல." திரையைக் கையால் காட்டினார். "ஒரு துண்டும் வெட்டாத. அவ சொன்னதுக்குக் குரலும் போட்டுடாத. உதடு அசையிறது போதும்."

சதீசன் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சிரித்தான். பிள்ளைகள் எழும்பிக் கை தட்டினார்கள். பலர் என்னிடம் வந்து அந்தப் பார்வையைப் பற்றித்தான் கேட்டார்கள். எப்படி அக்கா கண்ணை அப்படி மெல்ல இறக்கினீர்கள், முதலே யோசித்து வைத்ததா என்று ஒருவன் கேட்டான். "தொழில் ரகசியம் தம்பி" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அன்னப்பூரணியக்காவை ஸ்கூட்டியில் ஏற்றி பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போகாமல் நின்றார்.

"றொசானி, இண்டைக்குப் போய் மகளிட்ட எல்லாத்தையும் செல்லப்போறன். இவ்வளவு காலமும் செல்லல்ல. ஊரெல்லாம் கேட்ட பிறகு அவளுக்குத் தெரியாம இரிக்கப்படாதே." என் கையைப் பிடித்தார். விரல்கள் காய்த்துப்போய் இருந்தன. "கேக்கனெண்டு கோவிக்காத. புள்ள இரிக்கிறது தெரிஞ்சுதானே அண்டைக்குப் பார்த்தாய்? ஏதோ ஒண்டு உனக்குள்ள வந்துதான் பார்த்தது, என்ன?"

கொசுவம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போகத்து நெல்லைக் கொடுத்துவிட்டு, கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்று கேட்கிற முகம்.

"ஓம் அக்கா" என்றேன். "தெரிஞ்சுதான் பார்த்தன். நீங்க கேட்டதும் விட்டுட்டன்."